முன்பாரம் பார்த்து ஏற்றுங்கள்: பந்தயப் படகுக்கு ஒரு மூடிய ட்ரெய்லர்

மிச்சிகனில் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. வார இறுதிகளில் நான் கைவேலைக்குப் போய்க்கொண்டிருந்த பந்தயப் படகுக் குழு, அதுவரை திறந்த ட்ரெய்லரில்தான் படகை ஏற்றிப் போகும். அந்த வருஷம் மூடிய ட்ரெய்லர் வாங்கிவிட்டார்கள். உள்ளே உயரம் ஆறரை அடி. டாலி என்கிற தள்ளுவண்டியில் உட்கார்ந்த படகு, எஞ்சின் மூடியின் உச்சிவரை 6 அடி 2 அங்குலம். நாலு அங்குலம் மிச்சம் என்று உற்சாகமாகத் தள்ளினோம். வாசலிலேயே இடித்தது. பின்கதவுக்கு மேலே குறுக்காக ஓடும் சட்டம் வாசலின் உயரத்தில் ஆறு அங்குலத்தைத் தின்றிருந்தது. அந்த சீசன் முழுக்க, ஒவ்வொரு ஊரிலும், ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை, எஞ்சின் மூடியைக் கழற்றி மாட்டியவன் நான்.

ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டிருந்தால் தொழிற்சாலையில் அரை அடி கூட்டித் தந்திருப்பார்கள். வாங்கியபின் கேட்டால் வெல்டிங் பட்டறைக்காரர் சிரிப்பார். ட்ரெய்லர் வாங்குவதில் நான் கற்றது மொத்தமும் இதற்குள் அடக்கம்: பிறகு மாற்ற முடியாதவற்றில் பணத்தைப் போடுங்கள். உயரம், அச்சு, சுவருக்குள் நிற்கும் சட்டங்களின் இடைவெளி, வாசல் அளவு, இந்த நாலும் ஒருமுறைதான். அலமாரி, விளக்கு, தரைவிரிப்பு எல்லாம் அடுத்த வருஷம்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

இதை யாருக்கு எழுதுகிறேன் என்றால், அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் ஏதாவது பந்தயக் குழுவில் ஒட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கு. டெட்ராய்ட் வட்டாரக் கார் நிறுவனங்களில் நம்மவர்கள் நிறைய. அங்கிருந்து படகுப் பந்தயத்துக்கு அதிக தூரமில்லை. டெட்ராய்ட் நதியே பழைய பந்தயக் களம். அமெரிக்கன் பவர் போட் அசோசியேஷன் 1903இலிருந்து இயங்குகிறது, அதன் தங்கக் கோப்பை 1904இல் தொடங்கியது. ஆனால் குழுவில் புதிதாகச் சேருகிறவரை யாரும் எஞ்சினைத் தொடவிடமாட்டார்கள். ட்ரெய்லர் பொறுப்பு மட்டும் எப்போதும் காலியாக இருக்கும், ஏனென்றால் அது யாருக்கும் பிடிக்காது. அதைச் சரியாகச் செய்பவர் இரண்டே சீசனில் குழுவுக்கு இன்றியமையாதவர் ஆகிவிடுவார். பெரும்பாலும் சம்பளம் இல்லை, டீசலும் சாப்பாடும் கிடைக்கும். அதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

எந்தப் படகு, எத்தனை படகு?

பந்தயப் படகு என்பது ஒரே சரக்கல்ல. 9 வயதுப் பிள்ளைகள் ஓட்டும் சின்ன அவுட்போர்டு ஹைட்ரோபிளேனை நாலு பேர் கையால் தூக்கிவிடலாம். எஞ்சினைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோவார்கள். ஓட்டுநர் உட்காராமல் மண்டியிட்டு ஓட்டும் ரகங்கள் இவை. இன்னொரு பக்கம் ஃபார்முலா 1 டனல் படகு. சுமார் 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், எஞ்சினோடு 390 கிலோ, எஞ்சின் கழற்றப்படாமல் பின்பலகையிலேயே நிற்கும். அன்லிமிடெட் என்ற உச்ச ரகத்தைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. சுமார் 30 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட அந்தப் படகு எந்த மூடிய ட்ரெய்லருக்குள்ளும் போகாது. சாலை அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்று அதை ஒருக்களித்துச் சாய்த்துத் திறந்த ட்ரெய்லரில் இழுத்துப் போவதைச் சியாட்டில் பக்கம் பார்க்கலாம்.

இவற்றில் முதல் இரண்டு ரகங்களுக்குத்தான் மூடிய ட்ரெய்லர் சரிப்படும். சின்ன ஹைட்ரோ குழுவுக்கு ஒரு வசதி உண்டு: படகுகளை மாடி மாடியாக அடுக்கலாம். அதனால் அவர்களுக்கு உயரம் முக்கியம். டனல் படகுக் குழுவுக்கு அகலம் முக்கியம்.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வாகன அகலத்தின் உச்சவரம்பு 102 அங்குலம், அதாவது எட்டரை அடி. விற்பனையாளர் ‘எட்டரை அடி அகலம்’ என்று சொல்வது வெளி அளவு. உள்ளே சுவருக்குச் சுவர் 96 அங்குலச் சொச்சம்தான் தேறும். அதிலும் சக்கரங்களை மூடும் பெட்டிகள் இரு புறமும் உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே பெரும்பாலும் 82 அங்குலம் கிடைத்தால் பெரிது. இரண்டு மீட்டர் படகு என்றால் 78.7 அங்குலம். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம்தான் இடைவெளி. டாலி லேசாகக் கோணினால் பல ஆயிரம் டாலர் மதிப்புள்ள விளிம்பு தகரத்தில் உரசும். எனவே டேப் எடுத்துப் போகும்போது சுவரை அளக்காதீர்கள். சக்கரப் பெட்டிகளுக்கு நடுவே அளங்கள், வாசலில் அளங்கள். படகைத் தனியாக அளக்காமல் டாலியோடு அளங்கள். டனல் படகின் கியர் பகுதி அடியில் தொங்குவதால் டாலி உயரமாகத்தான் இருக்க வேண்டும். சாய்வுக் கதவில் ஏறி வாசல் படியைத் தாண்டும் அந்தக் கணத்தில் படகின் முனை மேலே தூக்கும், பின்பக்கம் தரையைத் தட்டும். தரையில் நின்று அளந்த உயரம் அங்கே செல்லாது.

நீளத்தைப் பற்றி ஒரே வரி: படகின் நீளத்தோடு குறைந்தது 6 அடி சேருங்கள். அந்த ஆறடிதான் உங்கள் பட்டறை.

படகு கனமில்லை, படகோடு வருவதுதான் கனம்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. படகு இலேசு, எனவே சின்ன அச்சு போதும் என்று கணக்குப் போடுவார்கள். ஒவ்வொரு ட்ரெய்லரிலும் விஐஎன் எண்ணோடு ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அதில் ஜிவிடபிள்யூஆர் என்ற எண்தான் ட்ரெய்லரும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை போகலாம் என்பதன் சட்டபூர்வமான எல்லை. 3,500 பவுண்டு அச்சு இரண்டு உள்ள ட்ரெய்லருக்கு அது வழக்கமாக 7,000.

ஒரு டனல் படகுக் குழுவின் உத்தேசக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 24 அடி ட்ரெய்லரின் வெற்று எடை 3,900 பவுண்டு என்று வையுங்கள். மிச்சம் 3,100. படகும் டாலியும் 1,100. மாற்று எஞ்சின், கியர் பெட்டிகள் 350. அலமாரி, வேலை மேசை, தாங்கிகள் 600. நிறைந்த கருவிப் பெட்டி 500. ஜெனரேட்டரும் காற்றழுத்தியும் 150. 30 காலன் பெட்ரோல் 180. கூடாரம், நாற்காலி, ஐஸ் பெட்டி, தண்ணீர் 300. கூட்டினால் 3,180. எல்லையை 80 பவுண்டு தாண்டியாயிற்று, இன்னும் ஒருவரின் துணிப்பைகூட ஏறவில்லை.

5,200 பவுண்டு அச்சு இரண்டு போட்டால் இந்தத் தலைவலி இல்லை. அப்படிப்பட்ட பல ட்ரெய்லர்களின் வில்லையில் 9,990 என்றே எழுதியிருக்கும். பத்தாயிரம் பவுண்டு என்ற சட்ட எல்லைக்கு ஒரு பிடி கீழே நிற்பதற்காகத் தயாரிப்பாளர்கள் செய்யும் ஏற்பாடு அது. அந்த எல்லைக்கு என்ன மகிமை என்பதைப் பின்னால் சொல்கிறேன். அச்சு வலுவானால் பிரேக்கும் சக்கர பேரிங்கும் கூடவே வலுவாகும். என்னைக் கேட்டால் புது ட்ரெய்லரில் செய்யக்கூடிய மிகப் புத்திசாலித்தனமான செலவு இதுதான்.

அச்சில் இன்னொரு தேர்வு, வில்பட்டையா டார்ஷனா என்பது. வில்பட்டை மலிவு, வழியில் எந்தப் பட்டறையிலும் பழுது பார்ப்பார்கள், இரண்டு அச்சுக்கும் பாரத்தைத் தானாகப் பங்கிட்டுக்கொள்ளும். டார்ஷன் அச்சில் ரப்பர் வைத்து முறுக்குவதால் குலுக்கல் மென்மை, தரையும் தாழ்வாக வரும். ஆனால் பாரத்தைப் பங்கிடாது, எனவே ட்ரெய்லர் சமமட்டமாக நின்றே ஆக வேண்டும். பிக்கப்போடு இணைக்கும் கொண்டியின் உயரம் தப்பாக இருந்தால் ஒரே அச்சு முழுப் பாரத்தையும் சுமக்கும். மெல்லிய ஒட்டுப்பலகையிலும் கலப்புப் பொருளிலும் செய்த படகுகளுக்கு நான் டார்ஷனையே சொல்வேன், கொண்டியின் உயரத்தை ஒழுங்காக வைக்கத் தெரிந்தவராக இருந்தால்.

டயர் விஷயத்தில் இரக்கமே வேண்டாம். ட்ரெய்லருக்கென்றே செய்யப்படும் எஸ்டி ரக டயரைத்தான் போட வேண்டும். எஸ்டி 205/75ஆர்15 அளவில் ‘சி’ பார ரகம் 50 பிஎஸ்ஐ காற்றில் 1,820 பவுண்டு தாங்கும். நாலுக்கும் 7,280. ஏழாயிரம் பவுண்டு ட்ரெய்லருக்கு மயிரிழை மிச்சம். அதே அளவில் ‘டி’ ரகம் 65 பிஎஸ்ஐயில் 2,150 தாங்கும், நாலுக்கும் 8,600. விலை வித்தியாசம் ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் ஜூலை வெயிலில் நெடுஞ்சாலையில் வெடிக்கும் டயர் சக்கரப் பெட்டியைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும், அதை ஒட்டித்தான் படகு இருக்கும். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கம் பிறந்த வாரமும் வருஷமும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். ஐந்தாறு வயதானால் பூ அழியாமல் இருந்தாலும் மாற்றுங்கள்.

முன்பாரமா, பின்பாரமா?

மாட்டுவண்டியில் நெல் மூட்டை ஏற்றியவர்களைப் பார்த்திருப்பீர்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் குரல்வளையை இறுக்கும். கொஞ்சம் முன்பாரம் என்பதுதான் வண்டிக்காரர் கணக்கு. நெடுஞ்சாலை வேகத்தில் 24 அடிப் பெட்டியை இழுக்கும் பிக்கப்புக்கும் அதே கணக்குதான். இங்கே அதை டங் வெயிட் என்கிறார்கள். கொண்டிப் பந்தின் மேல் விழும் பாரம். நிறைந்த ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே விழ வேண்டும். ஏழாயிரம் பவுண்டுக்கு 700 முதல் 1,050 வரை.

குறைந்தால் என்ன ஆகும்? ட்ரெய்லர் வாலாட்டும். பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்த காற்றில் தொடங்கும் சின்ன ஆட்டம் அடங்காமல் பெருகி, பிக்கப்பையே சுழற்றும். அந்த நேரம் பலர் செய்யும் தவறு பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிப்பது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், டாஷ்போர்டில் உள்ள கண்ட்ரோலரால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னாலிருந்து இழுபட்டு நேராகும். அந்த விசை எங்கே இருக்கிறது என்று புறப்படும் முன்பே விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படகுக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். அவுட்போர்டு படகின் கனம் முழுவதும் வாலில். முனை முன்னே போகும்படி தள்ளி ஏற்றினால், எஞ்சின் ட்ரெய்லரின் கடைக்கோடியில் வந்து நிற்கும். அப்பட்டமான பின்பாரம். இதைச் சரிக்கட்டத்தான் கருவிப் பெட்டி, மாற்று எஞ்சின், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் முன்பக்கம் வைக்கிறோம். ‘வி’ வடிவ மூக்குள்ள ட்ரெய்லரின் அந்தக் கூம்பு இடம் இதற்கென்றே செய்தது போல அமையும். ஆனால் படகை இறக்கிவிட்டு, கருவிகளை மட்டும் ஏற்றி ஊர் திரும்பும் குழுவைப் பாருங்கள். முன்னால் எல்லாக் கனமும், பின்னால் காற்று. பிக்கப்பின் பின்புறம் அமுங்கி, முகப்பு விளக்கு மரக்கிளையைப் பார்க்கும். எனவே கருவிப் பெட்டிக்குத் தரையில் இரண்டு இடம் வையுங்கள்: படகு இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று.

ஊகிக்க வேண்டாம், எடை போடலாம். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். பிக்கப்பை மட்டும் ஆட்களோடு ஒருமுறை நிறுத்துங்கள். பிறகு ட்ரெய்லரை மாட்டி ஒருமுறை. இரண்டாவது சீட்டில் பிக்கப் அச்சுகளின் எடை எவ்வளவு கூடியிருக்கிறதோ அதுவே கொண்டி பாரம். அதோடு ட்ரெய்லர் அச்சுகளின் எடையைக் கூட்டினால் ட்ரெய்லரின் முழு எடை. பாரத்தைப் பகிரும் கொண்டிக்கம்பிகள் இருந்தால் எடை போடும் நேரம் அவற்றைத் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு பொய் சொல்லும். அரை மணி நேர வேலை. நான் பார்த்த குழுக்களில் பாதிப்பேர் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

பிக்கப்பின் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டையும் படியுங்கள். ஆட்களும் சரக்கும் கொண்டி பாரமும் சேர்ந்து அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். பல அரை டன் பிக்கப்களில் அது 1,500 சொச்சம்தான். ஐந்து பேர் ஏறினாலே 900 போய்விடும். ‘இந்த வண்டி 11,000 பவுண்டு இழுக்கும்’ என்ற விளம்பரத்தை வைத்துக்கொண்டு இந்தச் சீட்டோடு வாதிட முடியாது. கையேட்டில் முகப்பரப்பு வரம்பு என்றும் ஒன்று இருக்கலாம். மூடிய ட்ரெய்லர் காற்றில் ஒரு சுவரை இழுத்துப்போவதுதான்.

கொண்டிப் பந்து அளவு பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டு அங்குலப் பந்தின் மேல் 2-5/16 அங்குலக் கொண்டி அழகாக உட்காரும், பூட்டியதுபோலவே தெரியும். முதல் பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடும். பந்தின் தலையில் அளவு பொறித்திருக்கும், படித்துவிட்டு மாட்டுங்கள். சங்கிலிகளைக் கொண்டிக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கழன்றால் அது ஒரு தொட்டில் போலத் தாங்கும். கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் கம்பியைச் சங்கிலியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அதற்குரிய பேட்டரியைச் சீசன் தொடக்கத்தில் பரிசோதியுங்கள், பெரும்பாலும் செத்துத்தான் கிடக்கும்.

படகை எங்கே தாங்குவது, எங்கே கட்டுவது

பந்தயப் படகின் அடிப்பரப்பு நேர்கோடு. அதில் லேசான உட்குழிவு விழுந்தால் முனை தாழும், வெளிவீக்கம் வந்தால் படகு தவளைபோலத் துள்ளும். இந்த இரண்டையும் ட்ரெய்லருக்குள்ளேயே வரவழைக்க முடியும்: தப்பான இடத்தில் ஒரு கட்டை, அதன் மேல் ஆயிரம் மைல் குலுக்கல். தாங்குகட்டைகள் படகின் உள்குறுக்குச் சட்டங்களுக்கு நேர் கீழே வரவேண்டும், கம்பளம் சுற்றியிருக்க வேண்டும். சட்டம் எங்கே என்று படகு கட்டியவரிடம் கேட்டு, வெளியே சின்ன ஒட்டுக் காகிதத்தால் குறித்துவையுங்கள்.

கட்டுவதிலும் அதே நிதானம். மேல்தளத்தின் குறுக்கே பட்டையைப் போட்டு ரேட்செட்டை இறுக்குகிறவரைக் கண்டால் கையைப் பிடித்துத் தடுங்கள். மெல்லிய பலகை நசுங்கும். பின்பலகையில் உள்ள கண்ணிகளிலும் முனை வளையத்திலும்தான் கட்ட வேண்டும், நாலு மூலைக்கும் நாலு பட்டை. இரண்டு அங்குல ரேட்செட் பட்டையில் 10,000 பவுண்டு என்று பெரிதாக எழுதியிருப்பது அறுந்துபோகும் எடை. வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அதில் மூன்றில் ஒன்று, 3,333.

பட்டையைவிட முக்கியம், அது மாட்டப்படும் இடம். சுவர் ஒட்டுப்பலகையில் நாலு திருகாணி போட்டு, பட்டை மாட்டும் இ-டிராக் தண்டவாளத்தை முடுக்கிவிட்டால் அதன் பலம் அந்தத் திருகாணியின் பலம்தான். சுவருக்குள் நிற்கும் சட்டத்தில், தரைக்குக் கீழ் ஓடும் குறுக்குச் சட்டத்தில், போல்ட் போட்டு அடியில் தகட்டு வாஷர் கொடுங்கள். இதற்காகத்தான் சட்டங்கள் 24 அங்குலத்துக்கு ஒன்று என்பதை விட்டு 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும்படி ஆர்டர் கொடுக்கச் சொல்கிறேன். சுவர் மூடியபின் இதை மாற்ற வழியில்லை.

ஹைட்ரோ அடுக்குவோர் இலேசான படகை மேலே வையுங்கள், மேல் தட்டுக்கு உருளை போடுங்கள். நெஞ்சுயரத்துக்கு மேல் படகைத் தூக்கித் தள்ளும்போதுதான் விரல்கள் போகின்றன. கழற்றிய எஞ்சின்களுக்கு நிமிர்ந்து நிற்கும் தாங்கி வேண்டும். தண்ணீர் வடியும்முன் படுக்கவைத்து, கியர் பகுதியைத் தலையைவிட உயரத்தில் வைத்தால் மிச்சத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். புரொபெல்லர்களுக்குத் தனித்தனி அறை உள்ள பெட்டி. கையால் சீவி மெலித்த விளிம்பு ஒன்றோடொன்று உரசினால் ஒரு மாத வேலை வீண்.

விளக்கு, மின்சாரம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 12 வோல்ட் எல்இடி, பின்கதவுக்கு வெளியே பரந்து ஒளிவீசும் ஒரு விளக்கு, 30 ஆம்பியர் வெளி இணைப்பு, மேசைக்கு மேலே நாலு பிளக். கூரை ஏசி வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், சின்ன 2,000 வாட் ஜெனரேட்டரால் அதைக் கிளப்புவது கடினம் என்பதை மட்டும் சொல்லுங்கள். அந்தக் காசுக்குப் பக்கவாட்டில் விரியும் பந்தல் வாங்கினால் ஆறு பேர் நிழலில் நிற்கலாம்.

ஆவி

திறந்த ட்ரெய்லரில் பெட்ரோல் வாசனை காற்றோடு போய்விடும். மூடியதில் போகாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கூரையில் மட்டும் காற்றுத்துளை வைத்தால் பயனில்லை, சுவரின் அடிப்பகுதியிலும் வேண்டும். காலையில் கதவைத் திறந்ததும் விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள். இரண்டு கதவையும் திறந்து ஐந்து நிமிஷம் விடுங்கள், அதற்குள் காபி குடித்துவிடலாம். ஜெனரேட்டர் எந்த மழையிலும் ட்ரெய்லருக்குள் ஓடக்கூடாது, அதன் புகையில் உள்ள வாசனையில்லாத நச்சுவாயு ஆளைக் கொல்லும்.

மெத்தனால் எரிக்கும் அவுட்போர்டு ரகங்களின் குழுவானால் இன்னும் கவனம். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது. அனல் மட்டும் தெரியும், யாரோ காரணமில்லாமல் துள்ளுவதைப் பார்த்துத்தான் விளங்கும். அது தண்ணீரில் கலக்கும் என்பதால் நிறையத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம்; பெட்ரோலுக்கு அது உதவாது. தீயணைப்பானைப் பக்கக் கதவை ஒட்டி மாட்டுங்கள், வெளியே நின்றபடி கை எட்டும் தூரத்தில். உள்ளே ஓடிப்போய் எடுக்கவேண்டிய இடத்தில் இருப்பதால் லாபமில்லை.

காகிதம், பூட்டு, பழைய வண்டி

பத்தாயிரம் பவுண்டு சங்கதிக்கு வருகிறேன். ட்ரெய்லரின் ஜிவிடபிள்யூஆர் 10,000ஐத் தாண்டி, இழுக்கும் வண்டியோடு சேர்ந்து 26,001 பவுண்டை எட்டினால் கூட்டாட்சி விதிப்படி வணிக ஓட்டுநர் உரிமம் என்ற பேச்சு வந்துவிடும். இரண்டும் சேர்ந்து 10,001ஐ எட்டி, தொழில் நிமித்தமாக மாநில எல்லை தாண்டினால் யுஎஸ்டிஓடி எண் முதலிய வணிக வாகன விதிகள் பொருந்தும். சொந்தச் செலவில் பொழுதுபோக்காக ஓடுபவருக்கு விலக்கு உண்டு. ஸ்பான்சர் பெயரைப் பெரிதாகப் பக்கவாட்டில் எழுதி, செலவை வரிக்கணக்கில் கழித்துக்கொண்டு, போலீஸ்காரரிடம் ‘சும்மா பொழுதுபோக்கு’ என்று சொல்லும் குழுக்கள்தான் மாட்டுகின்றன. மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகளும் உண்டு. கலிபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தாலே 55 மைல்தான் வேகம். நியூயார்க்கின் பார்க்வேக்களில் ட்ரெய்லருக்கு அனுமதியே இல்லை, பாலங்களும் தாழ்வு. காருக்கான வழிகாட்டி செயலிக்கு இது தெரியாது, நேராக உள்ளே கூட்டிப்போகும். ட்ரெய்லரின் வெளி உயரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டுங்கள்.

காப்பீட்டுக்காரரிடம் மூன்று கேள்விகளைத் தனித்தனியாக, எழுத்தில் கேளுங்கள்: ட்ரெய்லருக்கு உண்டா, படகுக்கு உண்டா, உள்ளே உள்ள கருவிகளுக்கு உண்டா? ஓட்டலில் இரவு தங்கும்போது பின்கதவு சுவரை முட்டும்படி நிறுத்துங்கள். அதைவிட நல்ல பூட்டு கடையில் கிடையாது.

பழையது வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பகல் வெயிலில் உள்ளே நின்று எல்லாக் கதவையும் சாத்துங்கள். வெளிச்சம் புள்ளி வைக்கும் இடமெல்லாம் மழை வரும் இடம். தரையின் மூலைகளில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். அடியில் படுத்து துருவைப் பாருங்கள், உப்பு நீர்ப் பந்தயங்களுக்குப் போன வண்டியானால் இரட்டிப்பாகப் பாருங்கள். அலமாரியும் கோலமுமாக உள்ளே பளபளத்து, டயரில் பழைய வருஷம் தெரிந்தால், விற்பவர் எங்கே காசு செலவழித்தார் என்பது புரிந்துவிடும்.

புறப்படும் வாரத்தில் ஒன்று பாக்கி. சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தாலோ ட்ரெய்லர் புதிதாக இருந்தாலோ நட்டுகள் ஓடஓடத் தளரும். அரை அங்குல போல்ட்டுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு இறுக்கம் என்பது வழக்கம். உங்கள் ட்ரெய்லரின் கையேடு சொல்வதே இறுதி. 10, 25, 50 மைல்களில் நிறுத்தி மறுபடி பாருங்கள். டார்க் ரெஞ்சைப் பிக்கப்பின் பின் இருக்கைக்கு அடியில் வையுங்கள். ட்ரெய்லருக்குள் வைத்தால், அது எப்போதும் படகுக்குப் பின்னால்தான் இருக்கும்.